கை நடுங்கினால் அணையும் அடுப்பு

மருந்துக்கடையில் தரும் கஞ்சா இலையை வீட்டில் சூடாக்கினால்தான் அது மருந்தாகும். அதற்கென்று கொடுத்திருந்த அடுப்பு, நோயாளி தன் உள்ளங்கையை அதன் பக்கவாட்டிலுள்ள தகட்டின்மேல் அசையாமல் வைத்திருக்கும்வரைதான் எரியும்.

குமரவேலின் கை நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குத்தான் மருந்து.

"போதையில் இருப்பவர் இயக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுப்பு மறுபடியும் அணைந்தது.

"ஒரு பீர்கூடக் குடிச்சதில்ல. என்னப் பாத்துச் சொல்லுது பாரு," என்றார்.

அவர் மனைவி வளர்மதி அந்தக் கையை அழுத்திப் பிடித்தாள். வேறொருவர் விரல் தகட்டில் பட்டதும் அடுப்பு அணைந்தது. கைமேல் அரிசிப் பையை வைத்தாள். அது சரிந்து விழுந்தது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையல் மேடையில் ஏறி, அவருடைய முன்கையின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏய், உடஞ்சிடும்டி!"

"உடையட்டும். ஆடாம இருந்தாப் போதும்."

அடுப்பு எரிந்தது. பச்சை வாசனை மெல்ல வறுத்த வாசனையாக மாறியது. பாதியில் தகடு ஒருமுறை சிவந்து எச்சரித்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"நீ இன்னும் கொஞ்சம் கனமா இருந்திருக்கலாம்," என்றார் குமரவேல்.

"கை நடுக்கம் நின்னதும் நீங்களே எனக்கு ரெண்டு தோசை சேத்து ஊத்திக் குடுங்க," என்றாள், இறங்காமலே.