சுரங்கத்துச் சொந்தக்காரர்

“அங்கிள், அந்தப் பெட்டியை மூடுங்கோ. சான்விச் எல்லாருக்கும் வைச்சிருக்கு.”

“எல்லாருக்கும் எண்டால் எனக்கும்தானே, பிள்ளை?”

“சாப்பிடுறதுக்கு! வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போறதுக்கில்லை.”

துவாரகா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சுற்றி நின்ற கோட்டுக்காரர்கள் அவளையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நிறம் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர்கள்போல.

ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டல். பிளாட்டினம் தோண்டும் கம்பனி ஒன்றின் ஆண்டுக் கூட்டம். துவாரகாவுக்கு அந்தக் கம்பனியில் ஒப்பந்த வேலை. மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டுவதும் வெட்டுவதும் கம்பனித் தலைவரின் கையில்.

கிழவர் நீக்கிலாஸ், நகரின் ஓரத்து மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறி வந்த பங்குதாரர். எத்தனை பங்கு? ஒன்று.

“நாற்பதாவது கலியாண நாளுக்கு மனிசி வேரோனிக்கா பிளாட்டினத்தில மோதிரம் கேட்டவ,” என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “மோதிரம் என்னத்துக்கு, சுரங்கத்தையே வாங்குவம் எண்டு ஒரு பங்கு வாங்கினன். ரெண்டு கிழமை எனக்குச் சோறு கிடைக்கேல்லை.”

வெள்ளைக்காரர் சிரித்த சிரிப்பில் பாதிக் கோப்பி கோட்டில் ஊற்றுப்பட்டது.

தலைவர் துவாரகாவைத் தூணோரமாகக் கூப்பிட்டார்.

“போன வருஷம் இந்த மனிதர் கோப்பி ஏன் ஆறியிருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசினார். இன்றைக்கு இரண்டாவது சுரங்கத்துக்கு வாக்கெடுப்பு. மைக் உன் கையில் இருக்கிறது. அது அவரிடம் போகக்கூடாது. உன் ஒப்பந்தக் கடிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, தெரியும்தானே?”

“தெரியும்,” என்றாள் துவாரகா.

கூட்டம் தொடங்கியது. முதலில் படம் காட்டினார்கள். ஒன்ராறியோவின் வடக்கு, ஏரி, மஞ்சள் இயந்திரங்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. சுரங்கத்துக்குப் பக்கத்தில் பூர்வகுடி மக்களின் ஊர். அங்கே கட்டித் தருவதாகக் கம்பனி மூன்று வருஷத்துக்கு முன் வாக்குக் கொடுத்த தொழிற்பயிற்சிப் பள்ளியும் படத்தில் வந்தது. பள்ளி என்றால், பலகை. ‘இங்கே பள்ளி வருகிறது’ என்று எழுதின பலகை.

கேள்வி நேரம். முதல் எழும்பியது நீக்கிலாஸின் கை.

துவாரகா மைக்கைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனாள். ஒருவர் லாபத்தைப் பற்றிக் கேட்டார். அடுத்தவரும் லாபத்தைப் பற்றித்தான் கேட்டார். நீக்கிலாஸ் இரண்டு கையையும் உயர்த்தினார். பூசையில்கூட அவர் கை அந்த உயரத்துக்குப் போனதில்லை.

“அங்கிள், இருங்கோ. மானத்தை வாங்காதேங்கோ.”

“எனக்கு உன்ர மானமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்.”

எழும்பினார். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் நின்று கூப்பிட்டால் கடலுக்கு அப்பால் மண்டைதீவில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும் குரல் அது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“அந்த ஊரில முப்பத்தாறு பேர் பயிற்சிக்குப் பெயர் குடுத்துப்போட்டு மூண்டு வருஷமாய்க் காத்திருக்கினம். இயந்திரம் ஓட்ட, டீசல் எஞ்சின் திருத்த, பாறை சோதிக்க. வேலை கேட்டால் தகுதி இல்லை எண்டு திருப்பி அனுப்பிறியள். தகுதி தாற பள்ளியை நீங்கள் கட்டேல்லை. முதல் சுரங்கத்துக்கு ஒரு பலகை நட்டியள். ரெண்டாவது சுரங்கத்துக்கு என்ன, இன்னொரு பலகையோ?”

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.

தலைவர் துவாரகாவைப் பார்த்தார். மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல அவளுக்கு விறைத்தது.

முன்வரிசையில் ஓய்வூதிய நிதி ஒன்றின் சார்பில் வந்திருந்த பெண் எழும்பினாள். அவளிடம் பங்குகள் லட்சக்கணக்கில்.

“அந்தப் பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு வாக்குப் போடுகிறோம்.”

மேடையில் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக் குசுகுசுத்தன. தலைவர் நெற்றியைத் துடைத்தார்.

“செப்ரெம்பரில் பள்ளி திறக்கும். அதன் பிறகுதான் புதுச் சுரங்கத்தில் வேலை தொடங்கும். இதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.”

கைதட்டல். நீக்கிலாஸ் உட்காருவார் என்று பார்த்தால், இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“இன்னொரு கேள்வி. பள்ளியை ஆர் பாக்கிறது? அந்தச் சனத்தின்ர பெயராவது தெரிஞ்ச ஆள் ஒண்டு உங்களிட்ட இருக்கோ?”

தலைவர் தயங்கினார். “துவாரகா அந்த ஊருக்கு நாலு தரம் போய்வந்திருக்கிறாள்.”

“ஆர், எனக்கு மைக் தராமல் ஓடித் திரிஞ்ச இந்தப் பிள்ளையோ? நல்லதாப் போச்சு! அஞ்சு வருஷத்துக்கு அங்க அனுப்பி விடுங்கோ. நானும் இஞ்ச ஆறுதலாச் சாப்பிடுவன்.”

மண்டபமே சிரித்தது. அத்தனை பேருக்கு முன்னால் தலைவரும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

“அனுப்புகிறோம். அதையும் எழுதுங்கள்.”

இரண்டாவது சுரங்கத்துக்கு ஆதரவாக வாக்கு விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் துவாரகா கிழவரின் முழங்கையைப் பிடித்தாள்.

“நடவுங்கோ. நீங்கள் செய்தவரைக்கும் காணும்.”

தன் இனத்து மனிதரையே இப்படி இழுத்துக்கொண்டு போகிறாளே என்று இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். லிஃப்ற் கதவு மூடியது. உள்ளே அவர்கள் இரண்டு பேர்தான்.

துவாரகா சுவரில் சாய்ந்தாள். கண் நிறைந்து வழிய, சிரித்தாள்.

“அங்கிள், நான் எழுதித் தந்தது முதல் கேள்வி மட்டும்தானே!”