ஹாலிஸ்டர் வம்சம்

“குடலிறக்கத்துக்கா இப்படி முழங்கால் ஆடுது?” என்றார் ராய்ஸ், மகனைப் பார்க்காமலேயே.

“ஏசி ஜாஸ்தியா இருக்குப்பா” என்றான் கோல்ட்டன்.

டெக்சாஸின் மேற்குக் கோடியில், மாடுகள் அதிகமும் மனிதர்கள் கொஞ்சமுமாக வாழும் ஊர் அது. அங்குள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரக டாக்டர் மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் வருவார். அன்றைக்கு வரவேற்பறை முழுக்கத் தொப்பி போட்ட ஆம்பிளைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு என்ன கோளாறு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தன்னுடையதையும் சொல்லித் தொலைக்க வேண்டி வருமே.

கோல்ட்டன் ஒரே பிள்ளை. இருபத்துமூன்று வயது. “குடலிறக்கம், கூட வாங்கப்பா” என்று அவன் கூப்பிட்டபோது, கன்றுகளுக்குக் காயடிக்கிற மும்முரத்தில் அப்பா எங்கே வரப்போகிறார் என்றுதான் நினைத்தான். “அதுக்கென்ன, போலாம்” என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதுதான் இப்போது அவனை உறுத்தியது. இவ்வளவு நல்ல மனுஷனிடமா பொய் சொல்வது?

“அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

“டிரக்கை எங்கயாவது இடிச்சுட்டியா?”

“இல்ல சார்.”

ராய்ஸ் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். அந்த வீட்டில் பையன் அப்பாவைச் சார் போட்டுப் பேசினால் விஷயம் பெரிசு.

“எனக்குக் குடலிறக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்க வந்திருக்கேன்.”

எதிரே இருந்த கிழவர் தொப்பியை முகத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார். தூங்குகிறாராம்.

“குடும்பமே இல்லாதவனுக்கு என்னடா கட்டுப்பாடு? இன்னும் கல்யாணமே ஆகல.”

“அக்டோபர்ல ஆகப்போகுதே. கென்ட்ராதான் முதல்ல தான் பண்ணிக்கிறேன்னு அலைஞ்சா. போன இடத்துலெல்லாம், ‘சின்னப் பொண்ணு, ரெண்டு பெத்துட்டுப் புருஷனைக் கூட்டிட்டு வா’ன்னு அனுப்பிட்டாங்க. என்னை ஒரு கேள்வி கேக்கல. உடனே தேதி குடுத்துட்டாங்க.”

“அந்தப் பொண்ணுக்குப் பிள்ளைங்கன்னா ஆகாதோ?”

“சர்ச்சுல வாண்டுகளுக்குப் பாடம் எடுக்கிறவப்பா அவ. பிள்ளைங்கன்னா உயிர். ஆனா அவ அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தோமே. கரு தங்காதுன்னு தெரிஞ்சு போச்சு. இருந்தும் துடிப்பு நிக்கலைன்னு டாக்டருங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. கலைச்சா ஜெயில்னு சட்டம் வந்தாச்சே, யாருக்குத் தைரியம் வரும்? காய்ச்சல் ஏறி நினைவு தப்பினப்புறம்தான் தொட்டாங்க. பிழைச்சது மறுபிறவி. கென்ட்ராவை அந்தக் கட்டில்ல பார்க்க என்னால முடியாது சார்.”

ராய்ஸ் தாடையைத் தடவிக்கொண்டார்.

“நாளைக்கு மனசு மாறினா?”

“தத்து எடுத்துக்குவோம். அதுக்கு இங்க தடை இல்லையே.”

“நாலு தலைமுறைப் பண்ணைடா. ஹாலிஸ்டர் வம்சமே உன்னோட முடிஞ்சிடும்.”

“பேர்தானே? ஒரு கன்னுக்குட்டிக்கு வெச்சுடலாம்.”

“அதுக்கும் நான்தானே காயடிக்கணும்” என்றார் ராய்ஸ்.

தூங்குகிற கிழவரின் தோள் குலுங்கியது. ஆனால் ராய்ஸ் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் வழியாக டிரக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்பா வாயே திறக்காமல் இருந்து கோல்ட்டன் பார்த்ததில்லை. காயடிக்கும்போதுகூடக் கன்றுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கிற மனுஷன்.

கோல்ட்டன் அவர் பக்கம் திரும்பினான். “வீட்டை விட்டுப் போன்னு சொன்னாலும் போயிடறேன். நீங்க என் மூஞ்சியிலயே முழிக்கலைன்னாலும் தாங்கிக்கறேன். இதை மட்டும் தடுக்காதீங்க.”

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“ஹாலிஸ்டர், வாங்க.”

கோல்ட்டன் எழுந்தான். ராய்ஸ் அவன் பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் நாற்காலியில் உட்கார வைத்தார். கன்றைச் சாய்த்துப் பழகிய கை.

“விடுங்கப்பா. யார் என்ன சொன்னாலும் நான் பண்ணிக்கத்தான் போறேன்.”

“பண்ணிக்கோ, யார் வேண்டாம்னா? ஆனா இப்ப என் முறை.”

கோல்ட்டன் வாயைப் பிளந்தான்.

“போன மாசம் உங்கம்மாவுக்கு நாள் தள்ளிப் போச்சுடா” என்றார் ராய்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. “நாப்பத்திநாலு வயசு. உன்னைப் பெத்தப்பவே செத்துப் பிழைச்சவ. ஒண்ணுமில்லைன்னு தெரியறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துது. இதை உன்கிட்ட எப்படிச் சொல்லிக் கூட்டிட்டு வர்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீயே கூப்பிட்டே.”

முதலில் சிரித்தது மகன்தான். அப்புறம் அப்பாவும் சேர்ந்துகொள்ள, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கோல்ட்டன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். எதிர்க் கிழவர் தூக்கத்தை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

“கொஞ்சறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கோங்க” என்றாள் நர்ஸ். “ஊசி போட்டப்புறம் ரெண்டு பேருமே இன்னிக்கு வண்டியைத் தொடக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரை அழைச்சிட்டு வந்திருக்கீங்க?”

அப்பா மகனைக் கை காட்டினார். மகன் அப்பாவைக் கை காட்டினான்.