ஆறு வருஷத்து நண்பர்

"எத்தனை தடவைம்மா சொல்றது? என் உயிர் நண்பனே ஒரு கறுப்பர்தான்! என்னைப் போய் நிறவெறியன்னு சொல்லாதீங்க!" என்று மைக்கில் முழங்கினார் ஆர்வின் ஹெக்லண்ட்.

அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் ஓல்ஸ்டாட் ஊர் ரேடியோவில் தினமும் காலை எட்டு முதல் ஒன்பது வரை கறுப்பின அதிபரைத் திட்டுவதுதான் அவர் வேலை. மழை பெய்யாவிட்டாலும் அதிபர்தான் காரணம், பெய்து கோதுமை அழுகினாலும் அதிபர்தான். அன்று அதிபர் குடை பிடித்த விதத்தையே இருபது நிமிஷம் கிழி கிழியென்று கிழித்திருந்தார்.

ஹெட்ஃபோனில் எஸ்டெல் அம்மாள் விடுவதாயில்லை. மூன்று வாரமாக நாள் தவறாமல் போன் போட்டு வம்புக்கு இழுக்கிறவர்.

"இதுக்கு முன்னாடி இருந்த வெள்ளைக்கார அதிபரும்தான் குடை பிடிச்சாரு. அப்ப உங்க வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? நண்பராம் நண்பர்! அவரு உங்க வீட்டுல ஒரு வேளை கை நனைச்சிருக்காரா? வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்து உக்கார வைங்க, பார்ப்போம்!"

"கூட்டிட்டு வர்றேன்!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார் ஆர்வின்.

ரேடியோ முதலாளி வெர்னா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "நம்ம நிகழ்ச்சியை இன்டர்நெட்ல ஏத்தினதே தப்பாப் போச்சு, எங்கெங்கிருந்தோ கூப்பிடறாங்க. நிறவெறின்னு பேச்சு வந்ததால டிராக்டர் கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்தப் போறாராம். வெள்ளிக்கிழமை உன் நண்பன் இந்த நாற்காலியில இருக்கணும் ஆர்வின். இல்லேன்னா அதுக்கப்புறம் நீ இருக்க மாட்டே."

இருபத்திரண்டு வருஷ வேலை. இதை விட்டால் ஆர்வினுக்கு வேறு எதுவும் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், அந்த வட்டாரத்திலேயே கறுப்பர் ஒரே ஒருவர்தான். மாட்டு டாக்டர் லமார் பாய்கின். வந்து ஆறு வருஷமாகிறது. ஆர்வின் அவரிடம் பேசியது ஒரே தடவை: "உங்க வண்டி வழியை மறிக்குது, கொஞ்சம் நகர்த்துங்க."

தேடிப் போனபோது டாக்டர் ஒரு பண்ணையில் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு உதவி. நீங்க எனக்கு நண்பரா இருக்கணும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு... ஆறு வருஷமா."

டாக்டர் சிரிக்கவில்லை. "நண்பன்னா இப்படி வேடிக்கை பார்க்கக் கூடாது. இந்தாங்க, கன்னுக்குட்டி காலைப் பிடிங்க. இழுங்க!"

ஆர்வின் பிடித்து இழுத்தார். கன்றும் அவரும் வைக்கோலில் சேர்ந்து விழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"எங்கம்மாதான், அலபாமாலேர்ந்து. சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு" என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே. "இந்த ஊர்ல எல்லா மாட்டுக்கும் என்னைத் தெரியும் ஆர்வின். ஒரு மனுஷன் தேடி வந்தது இன்னைக்குத்தான். சரி, வர்றேன் போங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஹெட்ஃபோன் ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஆர்வினின் காதில். எஸ்டெல் அம்மாள் குடைந்த கேள்விகளை எல்லாம் ஆர்வின் திருப்பிச் சொன்னார்.

"எங்க வீட்டுல கடைசியா என்ன சாப்பிட்டார்னு கேக்கறாங்க. எங்க ஊர் ஹாட்டிஷ்தாம்மா! மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, என் பெண்டாட்டி கையால!"

"ரெண்டு தட்டு" என்றார் டாக்டர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"இந்த ஞாயிறு வருவாரான்னு கேக்கறாங்க. என்னம்மா கேள்வி இது? ஒவ்வொரு ஞாயிறும்தான் வர்றாரு!"

மணி ஒன்பது. சிவப்பு விளக்கு அணைந்தது. விளம்பரம் தொடரும் என்று டிராக்டர் கடையிலிருந்து சேதி வந்துவிட்டதாக வெர்னா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ஆர்வினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அந்த அம்மாள் இன்னும் லைனை வைக்கவில்லை. 'ஜெயித்தாயிற்று, இனி என்ன பயம்' என்று ஆர்வின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"தம்பி, ஒவ்வொரு ஞாயிறும்னு சொல்லியிருக்கீங்க. ஊரே கேட்டிருக்கு. பேச்சு மாறக் கூடாது, ஆமா!"

டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அம்மா! நீங்களா?"

"சும்மா இருடா! ஆறு வருஷமா ஒண்டியாவே சாப்பிடறியேன்னு எனக்குத் தூக்கமே இல்லை. உன் ஊர் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ரேடியோவையே கேக்க ஆரம்பிச்சேன். அங்க இருக்கிற ஒரே கறுப்பன் நீ. எனக்கு நண்பனே இல்லைங்கிறே நீ. உயிர் நண்பன் இருக்கான்னு கத்தறாரு இவரு. சரி, அந்தப் பொய்யை நிஜமாக்கிடுவோம்னு பார்த்தேன்."

ஆர்வின் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "அப்போ... மூணு வாரமா அதிபருக்காக என்கூட மல்லுக்கு நின்னதெல்லாம்?"

"அந்த ஆளுக்காகவா? நான் அவருக்கு ஓட்டே போடலையே தம்பி!"