பச்சைப் புடவைக்காரி

ஜாஸ்மின் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். ராணிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த அவள் அண்ணன் அந்தோணி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான்.

"இன்னாம்மா ஆச்சு?"

"உன் மாப்பிள்ளையையே கேளுண்ணே. சுவத்துல மாட்டி வெச்சிருக்காரே, அவ யாருன்னு."

புதுப் படம். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஜாஸ்மினின் கணவன் பிரேம்நாத்துக்கு யாரும் ஓவியம் சொல்லிக்கொடுத்ததில்லை. மாதா கோவில் கண்ணாடி ஜன்னலும், லாரிக்குப் பின்னால் இருக்கும் மயிலும், செல்போன் வீடியோவும்தான் குரு. பூசணிக்காய் வரைய ஆசைப்பட்டால் ஒரு பூசணிக்காய் வாங்கி வருவான். வீட்டில் வாரம் பூராவும் பூசணிக்காய் சாம்பார்.

"எதிர்ல நிக்காததை நான் வரையவே மாட்டேன்" என்று ஊரெல்லாம் பெருமையடிப்பான். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

"அப்போ இவளும் எதிர்ல நின்னுருக்கா இல்ல? நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப. அதுவும் என் புடவையைக் கட்டிக்கிட்டு." ஜாஸ்மின் ஜாக்கெட்டை எடுத்து அண்ணனிடம் காட்டினாள். "தோள்ல தையலே விட்டுப்போச்சு. என்னைவிட தடிச்சி."

"உன்னைத்தான் வரையலாம்னு கூப்ட்டேன். ரெண்டு நிமிஷம் நிக்கமாட்டேன்னுட்ட" என்றான் பிரேம்நாத்.

"அதனால வேற ஒருத்திய நிக்க வெச்சியா?"

அந்தோணி அவன் தோளில் கை வைத்தான். "சொல்லிடு மாப்ள. எதுவா இருந்தாலும் பேசி முடிச்சிக்கலாம்."

"தப்பு எதுவும் நடக்கல மச்சான். ஆனா வெளிய தெரிஞ்சா மானம் போய்டும். வேலூர் கண்காட்சிக்கு இந்தப் படத்தைத்தான் எடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணு நிக்கிற ஒயிலே ஒயில்னு பாராட்டுறாங்க."

"அவளையே கூட்டிக்கிட்டு போ" என்று பையின் ஜிப்பை இழுத்தாள் ஜாஸ்மின்.

அந்தோணி படத்தின் கிட்டே போய் உற்றுப் பார்த்தான்.

"ஆமா, இவ இன்னாத்துக்கு முந்தானையால பாதி முகத்தை மூடிக்கிட்டு இருக்கா?"

பிரேம்நாத் பீரோக் கண்ணாடியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"என் மீசை தெரியக்கூடாதுன்னுதான், மச்சான்."