செங்கொடிக்கு ஒரு பேனர்

"மூணு நாளு நிக்கிற பேனருக்கு எதுக்கும்மா கெட்டி ஃப்ளெக்ஸு? சாதாவே போதும்" என்றான் பிலால்.

"வேணாம் நைனா. சாயம் போவக் கூடாது, கிழியக் கூடாது. ஒசத்தியாவே போடு" என்றாள் கெங்கம்மா.

தண்டையார்பேட்டையில் பேனர் அடிக்கும் பிலாலுக்கு ஒரு கொள்கை உண்டு. சாவு வேலை வந்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாம் காத்திருக்க வேண்டும். "என் பொண்ணு செங்கொடிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கணும்" என்று இந்த அம்மா வந்து நின்றதும், பாதியில் இருந்த மஞ்சள் நீராட்டு விழா பேனரை அப்படியே மூடி வைத்துவிட்டான். அந்த வீட்டுக்காரர் வேறு போன் மேல் போன் போட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூல் போட்டுக் கொடுத்தும் கெங்கம்மா உட்காரவில்லை. சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். சொந்தக்காரர்கள் யாரோ வர வேண்டும் போலிருக்கிறது என்று பிலால் நினைத்துக்கொண்டான்.

"பாடி எப்பம்மா எடுக்குறாங்க?"

"மொதல்ல நீ எழுது நைனா."

அவள் கொண்டு வந்திருந்தது யாரோ வீட்டுக் கல்யாணப் போட்டோ. அதில் ஓரமாக நின்றவளின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினான். நாற்பது வயது முகம், ரெட்டைச் சடை, ரிப்பன், வாய் கொள்ளாத சிரிப்பு.

"மூளை வளர்ச்சி கம்மி நைனா. தெருவுல லூசுன்னுதான் கூப்புடுவாங்க. அவங்க அப்பா ஹார்பர்ல யூனியன் ஆளு, ஆசையா வெச்ச பேரு இது. ஒருத்தரும் கூப்ட்டதில்ல. பேனர்லயாவது பெருசா போடு."

பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். "கீழ 'பாசத்தின் சிகரம், பண்பின் இமயம்'னு போட்டுடட்டா?"

"இமயமும் வேணாம், கிமயமும் வேணாம். அவ செய்யிற வேலைய போடு."

"இன்னா வேலைம்மா?"

"தண்ணி லாரி முக்கு திரும்பும்போதே அவளுக்குத் தெரிஞ்சிடும். வூடு வூடா கதவ தட்டி எல்லாரையும் எழுப்புவா. ஆளு இல்லாத வூட்டுக் கொடத்த அவளே எடுத்தாந்து வரிசைல வெப்பா. யாரு கொடம் எதுன்னு ஒரு நாளும் மாத்தி வெச்சதில்ல. அவள திட்னவங்க கொடத்தையுந்தான் வெப்பா."

'தெருவுக்கே தண்ணீர் பிடித்துத் தந்தவர்' என்று அடித்து, படித்துக் காட்டினான்.

"ஆங், அத்தான்!" கெங்கம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே வாடிவிட்டது. "எங்க தெருவுல ஒருத்தன் சண்டக்கோழி செத்ததுக்கே பேனர் வெச்சான் நைனா. என் பொண்ணுக்கு இல்லாம போயிடக் கூடாது. ராவெல்லாம் இதே பேஜாருதான், தூக்கமே வர்ல."

போன் மறுபடி அலறியது. "சாவு வேலை சார், கொஞ்சம் பொறுங்க" என்று பிலால் வெட்டிவிட்டான்.

"கீழ 'துயரத்துடன்'னு போட்டு யாரு பேருங்கள போடணும்?"

"தெருக்காரங்கன்னு போடு."

"உன் பேரு?"

"என் பேரு வேணாம்."

"இன்னாம்மா நீ! பெத்தவ பேரு இல்லாம அஞ்சலி பேனரா? பாக்கறவன் என்னத்தான் காறித் துப்புவான்."

"வேணாம்னா வுடேன் நைனா."

பிலாலுக்குக் கோபம் வந்தது. செத்த பிறகும் இந்தப் பெண்ணைத் தன் மகள் என்று ஊரறியச் சொல்ல இவளுக்கு வெட்கமா? இவ்வளவு நேரம் உருகியதெல்லாம் வெறும் நடிப்பா? இதற்குப் போய் ஒரு நல்ல காரியத்துப் பேனரைத் தள்ளி வைத்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"சரி, தேதியாவது சொல்லு. இன்னிக்குத்தான?" என்றான் வெடுக்கென்று.

"அந்த எடத்த காலியா வுட்டுடு."

"காலியாவா?"

பிலால் திரும்பிப் பார்த்தான். கெங்கம்மா மறுபடியும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "செங்கொடி, ரோட்டாண்ட போவாத. உள்ள வாடி."

பக்கத்துக் கடைப் படியிலிருந்து எழுந்து வந்தவள், கம்ப்யூட்டரில் தன் முகத்தைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தாள். "யம்மா, நானு! நானு!"

மகளின் தலையைத் தடவிக்கொண்டே கெங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வவுத்துல கட்டி நைனா. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. நான் போயிட்டா இவளுக்குன்னு யாரும் மெனக்கெட மாட்டாங்க, அதான் இப்பவே அடிச்சு பக்கத்து வூட்டுல குடுத்து வெக்கப் போறேன். நீயே சொல்லு, இவளுக்கு முன்னாடி செத்துப் போனவ பேர 'துயரத்துடன்'ல எப்டி போடுவே?"