கதவோரம் அமுங்கிய தரை

"இங்க மிதிச்சுப் பாரு, டிரெவர். கால் உள்ள போகுது."

டிரெவர் மிதித்தான். டிரெய்லரின் கதவோரத் தரை, ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது.

மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு ஏரிக்கரையில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்காகத்தான், வண்டியில் கட்டி இழுத்துப்போய்த் தங்குகிற, பனிக்காலம் முழுக்க வாசலில் கிடந்த அந்த டிரெய்லரை ஜோலீன் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

வினைல் விரிப்பின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கினாள். கீழே ப்ளைவுட் கன்னங்கரேலென்று கிடந்தது. விரலால் சுரண்டினால் தூளாக வந்தது.

"உங்கப்பா இதை நமக்கு எப்போ குடுத்தார்?"

"போன வருஷத்துக்கு முந்தின கோடையில."

"குடுக்கறதுக்கு முன்னாடி புதுசா விரிப்பு போட்டாரே, எதுக்கு?"

"பழசு கிழிஞ்சிருந்துச்சுன்னு சொன்னார்..."

"கிழிஞ்சிருந்துச்சா, அழுகியிருந்துச்சா? உங்க அண்ணனுக்குப் படகு. ஒரு கீறல்கூட இல்லாத படகு! நமக்கு இது. மேல பூசி மெழுகி நம்ம தலையில கட்டிட்டார். நீயும் இளிச்சுக்கிட்டே இழுத்துட்டு வந்தே."

"அப்பா அப்படிப்பட்டவர் இல்ல, ஜோலீன்."

"அப்போ கூப்பிட்டுக் கேளு. என் எதிர்லயே கேளு."

டிரெவர் போன் செய்த கொஞ்ச நேரத்தில் அவன் அப்பா ஆர்லன் வந்துவிட்டார். பிக்கப் வண்டியின் பின்னால் கருவிப்பெட்டி, ஏணி, ஒரு புது ப்ளைவுட் பலகை.

"பாத்தியா?" ஜோலீன் கணவனின் காதைக் கடித்தாள். "தரை அமுங்குதுன்னு மட்டும்தானே போன்ல சொன்னே? பலகையோட வந்து நிக்கிறார். எது போயிருக்கும்னு மனுஷனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

ஆர்லன் வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். கதவோரச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே மேலே போனார். பிறகு ஏணி சாய்த்துக் கூரைக்கு ஏறினார். இறங்க ரொம்ப நேரமானது. இறங்கி வந்தவர் மருமகளை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன மாமா, ஒண்ணுமே தெரியாத மாதிரி பாக்கறீங்க?"

ஆர்லன் கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"தெரியும்மா. குடுக்கும்போதே தெரியும். கொஞ்சம்தானே, தாங்கும்னு நெனச்சேன்."

டிரெவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?"

"சொல்லியிருக்கணும். தப்புதான். நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"என் பொண்ணு இந்தக் கதவுலதான் ஏறி இறங்கறா!" ஜோலீனின் குரல் உடைந்தது. "கால் மாட்டி எலும்பு முறிஞ்சிருந்தா? சொந்தப் பேத்தி, மாமா!"

ஆர்லன் பெட்டியைத் திறந்து ரம்பத்தை எடுத்தார்.

அந்த வாரம் தினமும் வந்தார். அழுகினதை அறுத்து எடுத்தார். விசிறி வைத்து உள்கட்டைகளைக் காயவிட்டார். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஜோலீன் தங்கையிடம் போனில் பேசினாள்.

"ஆமாண்டி, அவரே ஒத்துக்கிட்டார்! பெத்த பிள்ளைக்கே இப்படிப் பண்றவரு, வெளியாளுக்கு என்னென்ன பண்ணியிருப்பாரோ!"

சாயங்காலங்களில் டிரெவர் பலகையைப் பிடித்துக்கொடுத்தான். அதோடு சரி. அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. ஜோலீன் புதுத் தரையில் குதித்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. நன்றி எதுவும் சொல்லாமல் வெளியே வந்தவள் கூரையின் ஓரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, இது வந்த புதுசுல பாப்பா பிறந்தநாளுக்கு விளக்குச் சரம் தொங்கவிட நான் வரிசையா கொக்கி திருகியிருந்தேனே, அதெல்லாம் எங்க?"

"ஏணிக்கு இடைஞ்சலா இருந்துச்சும்மா, கழட்டிட்டேன். ஒட்டற கொக்கி வாங்கி வச்சிருக்கேன். திருகவே வேண்டாம், உனக்கும் சுலபம்."

"ஒரு வார்த்தை கேட்காமலேயே கழட்டியாச்சா? நல்லாருக்கு!" என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

டிரெவர் ஏணியில் ஏறினான். இனி அப்பா சொன்னார் என்று எதையும் நம்பி விடக்கூடாது, தன் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்றுதான் ஏறினான்.

கூரையின் பழைய இணைப்புகள் எதிலும் ஒரு விரிசல் இல்லை. தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீலன்ட் புதுசாகப் பூசியிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். கதவுக்கு நேர் மேலே, வரிசையாக இருந்த திருகாணித் துளைகளின் மேல்.

மெதுவாக இறங்கி வந்தான்.

"அப்பா... நீங்க குடுத்தப்போ கூரையில ஓட்டையே இல்ல. தண்ணி அந்தக் கொக்கித் துளை வழியாத்தான் இறங்கியிருக்கு."

"மெதுவாப் பேசுடா. ஜன்னல் தெறந்திருக்கு."

"அப்புறம் எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க? இத்தனை பேச்சும் எதுக்குக் கேட்டுக்கிட்டீங்க?"

ஆர்லன் கருவிப்பெட்டியை மூடினார்.

"அவ எதைத் தொட்டாலும் நாசம்னு அவங்கப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தார்னு நீதானே என்கிட்ட சொன்னே? இந்த வீட்டுலயும் அவ அதைக் கேட்கணுமா?"