நீலம் இறங்கியது

நீலம் இறங்கிவிட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. மேல் கிண்ணத்தில் ஊற்றிய சாயம் கீழ்க் கிண்ணத்துக்கு வந்திருந்தது.

இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு. அதன்மேல், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் செல்களை வளர்த்திருந்தாள். தோளோடு தோள் உரசி நிற்கும் பொல்லாத காவல்காரர்கள் அவர்கள். இரத்தத்தில் வரும் எதையும் மூளைக்குள் லேசில் விடமாட்டார்கள். விஷமானாலும் சரி, மருந்தானாலும் சரி, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் செல்களில் கால்சியம் நுழைவதற்கென்றே நுண்ணிய வழிகள் உண்டு. அவற்றைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் கால்சியம் உள்ளே புகும், செல்களுக்கு இடையிலான தையல் நெகிழும், அந்த இடுக்கில் மருந்து மூளைக்குள் போய்விடும். இதுதான் அவளுடைய கணக்கு. வழியைத் திறக்கும் துளியை இன்று காலைதான் கிண்ணத்தில் விட்டாள்.

இத்தனை நாள் அசைந்து கொடுக்காத சாயம் இறங்கிவிட்டது. ஓடிப்போய்க் கணவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவருக்கு மூளையில் கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, முடிகூட முளைத்து, வேலைக்கும் திரும்பிவிட்டார். அந்தக் கட்டியைக் கொல்ல மருந்து இருக்கிறது. மூளைக்குள் போகத்தான் அதற்கு வழி இல்லை. கட்டி திரும்பி வந்தால் வலியாக வராது, மறதியாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் தடவையும் அப்படித்தான் வந்தது. பல் தேய்த்துவிட்டு வந்தவர் மறுபடியும் பிரஷ்ஷை எடுத்தபோது, யாரைப் பார்க்க இவ்வளவு பளபளப்பு என்று அவள் கேலி செய்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்புறம்தான் பக்கத்தில் இருந்த இன்னொரு ஜோடிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. அதில் துளியை விடவேயில்லை. சாயம் மேலேயே நின்றிருக்க வேண்டும்.

அதிலும் நீலம் இறங்கியிருந்தது.

அப்படியானால் வழியைத் திறந்தது துளி இல்லை. வேறு ஏதோ சுவரையே பெயர்த்திருக்கிறது. செல்கள் நேற்று மாலை வரை ஆரோக்கியமாக இருந்தன. சவ்வும் கிழியவில்லை. இரண்டு ஜோடிக்கும் பொதுவாக மிச்சம் இருந்தது செல்களைக் கழுவிய உப்புக் கரைசல் ஒன்றுதான்.

அதில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். கால்சியம் செல்லுக்குள்ளே புகுந்தால் தையல் நெகிழும். வெளியே அறவே இல்லாமல் போனாலோ தையலே பிரிந்துவிடும். அப்படி ஒரு விசித்திரம் அது.

கொஞ்சம் கரைசலைச் சோதனைக் குழாயில் ஊற்றி, கால்சியத்தைக் காட்டிக்கொடுக்கும் திரவத்தை அதில் விட்டாள். கால்சியம் இருந்தால் பால் கலந்ததுபோல் கலங்கும். குழாயை ஆட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தெளிந்த தண்ணீராகவே இருந்தது.

கோபம் தலைக்கேறியது. எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது? கரைசல் அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தராசு செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

தராசு என்பது அந்த அறையின் பொறுப்பாளருக்கு ஆய்வுக்கூடமே சேர்ந்து வைத்த பட்டப்பெயர். உப்பு குறைகிறது என்று யாராவது போய்ச் சொன்னால், முதலில் உன் கண்ணைச் சோதித்துக்கொள் என்று சிரிக்கிற ஆள். அளவில் அவர் பிசகி யாரும் பார்த்ததில்லை.

யாரென்று பார்த்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று புட்டியைத் திருப்பினாள்.

சீட்டில் இருந்தது தராசின் கையெழுத்து. சர்க்கரை, உப்பு, காப்பித்தூள் என்று அவள் சமையலறை டப்பாக்களில் ஒட்டியிருக்கும் அதே கையெழுத்து.

கோபம் போன இடம் தெரியவில்லை. புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை யாருக்கும் மறக்கும், மனிதர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மருந்துக்கு இன்னும் வழி கிடைக்கவில்லையே, அதற்குள் கட்டி எப்படித் திரும்பி வரும் என்று யாரிடமோ நியாயம் கேட்பதுபோல் நினைத்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். புது முடிக்கு நடுவே தழும்பு இன்னும் முழுதாக மறையவில்லை.

"என்னம்மா, இறங்கிடுச்சா? உன் வேலையாச்சேன்னு கால்சியத்தை மட்டும் ரெண்டு தரம் அளந்து பார்த்துப் போட்டேன்."

அவள் எழுந்து, துளி விடாத கிண்ணம் அவர் கண்ணில் படாதபடி மறைத்து நின்றாள்.

"இறங்கிடுச்சுங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. மேஜையில் கையூன்றிக் குனிந்து, நீலத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் நிமிர்ந்து, அப்போதுதான் உள்ளே வந்தவரைப்போல அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, இறங்கிடுச்சா?" என்று கேட்டார்.